மலையும் மணிக்கூடும்

சித்திரை மாதத்திலே நுவரெலியாவின் குளிரை நாடிச் சென்றோர் கண்டு களித்த காட்சிகளுள் ஒன்று மகாகஸ்தோட்டை மோட்டார் மலையேற்றப் போட்டி. தேயிலைச் செடிகளுக்கிடையே வளைந்து மேலேறும் ஒடுங்கிய தோட்டப் பாதையில், வண்டிகள் ஒவ்வொன்றாகப் புறப்பட்டு, மணிக்கூட்டோடு போட்டியிட்டு உச்சியை அடைவதே அவ்விளையாட்டு. 1934ஆம் ஆண்டில் அது இலங்கையின் மலைநாட்டிலே தொடங்கியபோது, மேல்நாட்டில் அதற்கு ஒரு தலைமுறைக்கும் மேற்பட்ட வரலாறு ஏற்பட்டிருந்தது. 1897ஆம் ஆண்டிலேயே பிரான்சின் தென்கரையில், நீஸ் நகரிலிருந்து லா தூர்பி மலைக்கு மோட்டார் வண்டிகள் போட்டியிட்டு ஏறின.

சுற்றோட்டப் போட்டிகளில் இருபது, முப்பது வண்டிகள் ஒன்றையொன்று முந்தி ஓடும். முன்னே செல்பவன் வழியை மறிக்கலாம்; பின்னே வருபவன் தருணம் பார்த்திருக்கலாம்; ஒரு சுற்றில் இழைத்த தவற்றை மறு சுற்றிலே ஈடுசெய்யலாம். மலையேற்றத்தில் இவற்றுள் எதற்கும் இடமில்லை. பாதையிலே சாரதி தனியன். அவனுக்குப் போட்டியாளர் இருவர்: ஒன்று மலை, மற்றது மணிக்கூடு. இரண்டும் எவருக்கும் சலுகை காட்டுவதில்லை. ஏறத்தாழ ஒரு நிமிடத்துக்குள் எல்லாம் முடிந்துவிடும். அந்த ஒரு நிமிடத்துக்காக மாரிகாலம் முழுவதும் பட்டறையில் கண்விழித்து உழைத்தவர்களின் வரலாறே மலையேற்றப் போட்டியின் வரலாறு.

அவ்வரலாற்றை முழுமையாகக் காட்டும் இடம் ஒன்று இங்கிலாந்தில் உண்டு. வூஸ்டர்ஷயர் மாவட்டத்திலே, தீம் என்னும் சிற்றாற்றின் பள்ளத்தாக்கில், ஷெல்ஸ்லி வால்ஷ் என்றொரு சிற்றூர். பழைய தேவாலயமும் பண்ணை வீடுமே அதன் செல்வம். அப்பண்ணையிலிருந்து காடு சூழ்ந்த குன்றின்மேல் ஏறும் பாதையின் நீளம் 1000 யார், அதாவது 914 மீற்றர். அடியிலிருந்து முடிவரை அது 328 அடி உயருகிறது. மிகச் செங்குத்தான இடத்தில், ஆறடி முன்னே சென்றால் ஓரடி மேலே ஏறவேண்டும். தொடக்கத்தில் இடப்பக்கமாக மெல்ல வளைந்து செல்லும் பாதை, நடுவழியைத் தாண்டியதும் செங்குத்தாகி, இடமும் வலமுமாகப் பாம்புபோல நெளியும். அந்த இரட்டை வளைவிலேதான் வெற்றியும் தோல்வியும் தீர்மானிக்கப்படும். வளைவைக் கடந்தால் முடிவிடம்வரை நேர்ப்பாதை.

இந்தப் பண்ணைப் பாதை போட்டிக் களமாக மாறியதற்குக் காரணம் உண்டு. 1903ஆம் ஆண்டின் மோட்டார் வண்டிச் சட்டம் பிரித்தானியாவின் பொதுத் தெருக்களில் மணிக்கு 20 மைல் என்னும் வேக எல்லையை விதித்தது. வண்டியின் வலிமையைச் சோதிக்க விரும்பியோர் சட்டத்துக்கு அஞ்சவேண்டியிருந்தது. 1901ஆம் ஆண்டில் பேர்மிங்காம் வட்டாரத்து அன்பர்கள் அமைத்த மிட்லண்ட் மோட்டார்க் கழகம், ஆகையால், தனியார் நிலத்தில் ஒரு மலையைத் தேடியது. ஷெல்ஸ்லியின் நிலக்கிழாரான மொண்டேகு டெய்லர் குடும்பத்தார் தம் பாதையைத் தந்து உதவினர்.

1905ஆம் ஆண்டு ஆகஸ்ட் 12ஆம் நாள் முதற் போட்டி நடைபெற்றது. அன்று ஓடியவை இன்றைய பொருளில் போட்டி வண்டிகள் அல்ல. பயணிகளை ஏற்றிச் செல்லும் உலா வண்டிகள். இன்ஸ்டன் என்பவர் 35 குதிரைவலு கொண்ட டெய்ம்லர் வண்டியிலே 77.6 விநாடிகளில் உச்சியை அடைந்தார். மணிக்குச் சராசரி 26 மைல் வேகந்தான் அது. ஆயினும், குதிரைகள் இளைத்து நிற்கும் ஏற்றத்திலே மோட்டார் வண்டி தயங்காது ஏறியதைக் கண்ட மக்கள், அதை ஒரு வித்தையென்றே கருதினர். இரண்டு ஆண்டுகளின் பின் பாதையின் நீளம் சரியாக 1000 யார் என வரையறுக்கப்பட்டது. அதன்பின் அளவுகோல் மாறவில்லை. அளக்கப்பட்ட மனிதரும் வண்டிகளுமே மாறினர்.

மலை ஒன்று வண்டிகளின் அமைப்பையே மாற்ற வல்லது என்பதை 1913ஆம் ஆண்டு காட்டியது. யோசேப் ஹிகின்சன் என்னும் துணி ஆலை அதிபர், ஷெல்ஸ்லியில் வெல்லக்கூடிய வண்டியொன்றை வேண்டி வொக்ஸ்ஹோல் நிறுவனத்தை அணுகினார். அதன் தலைமைப் பொறியியலாளர் லோரன்ஸ் பொமரோய் அவருக்காக அமைத்துக்கொடுத்த வண்டி 55.2 விநாடிகளில் மலையை வென்றது. ‘30-98’ என்னும் பெயரால் பின்னர் உலகப் புகழ்பெற்ற வண்டி வகை இவ்வாறு ஒரு குன்றின் பொருட்டே பிறந்தது. அடுத்த ஆண்டில் உலகப் போர் மூண்டது. மலை அமைதியில் ஆழ்ந்தது. ஹிகின்சனின் நேரம் 1921ஆம் ஆண்டுவரை முறியடிக்கப்படாமல் நின்றது.

போருக்குப்பின் வந்த தலைமுறையில் முதன்மையானவர் ரேமண்ட் மேய்ஸ். லிங்கன்ஷயர் மாவட்டத்துப் போர்ண் என்னும் ஊரிலே 1899இல் பிறந்தவர். உடையிலும் நடையிலும் நாகரிகம் மிக்க இந்த இளைஞர், பந்தயத்தைத் தம் வாழ்வாகவே கொண்டார். அவரிடம் இரு சிறிய புகாட்டி வண்டிகள் இருந்தன. ஒன்றுக்குக் கோர்டோன் புளூ என்றும் மற்றொன்றுக்குக் கோர்டோன் ரூஜ் என்றும் பெயர். முன்னது பிராந்தி வகையொன்றின் பெயர். பின்னது ஷம்பேன் வகையொன்றின் பெயர். அம்ஹேர்ஸ்ட் வில்லியர்ஸ் என்னும் நண்பர் அவற்றின் இயந்திரங்களைச் செப்பஞ்செய்து, எவரும் எதிர்பாராத வலிமையை அவற்றிலிருந்து வரவழைத்தார். 1923ஆம் ஆண்டில் மேய்ஸ் தமது சிறு புகாட்டியிலே, பேரியந்திர வண்டிகளையெல்லாம் பின்தள்ளி, 51.9 விநாடிகளில் மலையேறினார்.

இத்தகைய வெற்றிகளின் மறுபக்கத்தையும் கூறவேண்டும். 1924ஆம் ஆண்டில் வேல்ஸ் நாட்டுக் கேர்பில்லி மலையிலே மேய்ஸின் வண்டி விரைந்துகொண்டிருந்தபோது, அதன் பின்சில்லு ஒன்று கழன்று வண்டிக்கு முன்னே தனியாக ஓடிற்று. அந்தக் கணத்தைப் பிடித்த புகைப்படம் மோட்டார் வரலாற்றிலே நிலைத்துவிட்டது. மேய்ஸ் காயமின்றித் தப்பினார். ஆனால், தப்பியது சாரதி மட்டுமல்லன். வழியோரத்தில் வேலியின்றித் திரண்டு நின்ற மக்களுந்தான். அக்காலத்தில் பார்வையாளர் தெருவின் விளிம்பிலேயே நின்றனர். வண்டி வரும்போது சற்றே விலகி, அது சென்றதும் மீண்டும் கூடுவது வழக்கமாயிருந்தது.

அந்த அலட்சியத்துக்கு 1925ஆம் ஆண்டு மார்ச் 28ஆம் நாள் விலை கொடுக்க நேர்ந்தது. பக்கிங்காம்ஷயரிலுள்ள கொப் மலையிலே, பொதுத் தெருவில், போட்டி நடைபெற்றது. மேய்ஸிடமிருந்து கோர்டோன் புளூ வண்டியை வாங்கியிருந்த ஓர் ஒக்ஸ்போட் மாணவர் அன்று அதனை ஓட்டினார். அனுபவம் வாய்ந்த கைக்குப் பழகிய வண்டி அவருடைய கைக்கு அடங்கவில்லை. அது பாதையை விட்டு விலகிப் பார்வையாளர் ஒருவர்மீது மோதி, அவரது காலை முறித்தது. போட்டி அவ்விடத்திலேயே நிறுத்தப்பட்டது. சில நாட்களுக்குள், பொதுத் தெருக்களில் வேகப் போட்டிகளுக்கு இனி அனுமதி வழங்கப்படமாட்டாது என அரச மோட்டார்க் கழகம் அறிவித்தது.

அவ்வறிவிப்போடு பிரித்தானியத் தெருக்களில் நடந்துவந்த மலையேற்றப் போட்டிகள் ஒரே முறையில் மறைந்தன. புகழ்பெற்ற எத்தனையோ மலைகள் மீண்டும் வெறும் தெருக்களாயின. ஷெல்ஸ்லி மட்டும் பிழைத்தது. அது தனியார் நிலம் என்பதே காரணம். சட்டத்துக்கு அடங்கி நடக்க எண்ணி இருபது ஆண்டுகளுக்கு முன் சிலர் எடுத்த முடிவு, அவர்கள் எண்ணியிராத வகையிலே விளையாட்டையே காத்தது. மேய்ஸ் முதலானோருக்கு எஞ்சிய பெருங்களம் அந்த ஆயிரம் யார் பாதையே. அதனால் அதன் மதிப்பு பன்மடங்கு உயர்ந்தது.

அடுத்த சில ஆண்டுகளில் அம்மலையை ஆண்டவர் பாசில் டாவன்போர்ட். மக்கிள்ஸ்பீல்ட் நகரைச் சேர்ந்த இவருக்குப் பெரு நிறுவனத்தின் துணையோ தனிப் பொறியியலாளரோ இல்லை. எளியோருக்கென விற்கப்பட்ட ஜி.என். என்னும் இலகு வண்டி ஒன்றைத் தம் கையாலேயே பிரித்துக் கட்டினார். இரண்டே உருளைகள் கொண்ட, ஏறத்தாழ ஒன்றரை இலீற்றர் இயந்திரம். அதன் வலுவைச் சில்லுகளுக்குக் கொண்டுசெல்லச் சைக்கிளிலுள்ளதுபோலச் சங்கிலிகள். தேவையற்ற எதுவும் அதில் இல்லை. நீண்ட கால்களோடு நிலத்தில் பதுங்கி நின்ற அதன் தோற்றம் ‘சிலந்தி’ என்னும் பெயரைப் பெற்றுத் தந்தது.

மாட்சி மிக்க வண்டிகள் பல வந்து நின்ற இடத்திலே, துரும்புபோன்ற இந்தச் சிலந்தி 1926 முதல் மீண்டும் மீண்டும் சாதனை படைத்தது. 1928இல் அதன் நேரம் 46.2 விநாடி. பாரம் குறைந்தால் வலு மிகும் என்னும் எளிய கணக்கை டாவன்போர்ட் உணர்ந்திருந்தார். மலை பாரத்தைக் கீழே இழுக்கும், பாரமற்றதை விட்டுவிடும். பணத்தால் வாங்க இயலாததை அறிவாலும் கையுழைப்பாலும் பெறலாம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

மேய்ஸ் வாளாவிருக்கவில்லை. பழைய வொக்ஸ்ஹோல் போட்டி வண்டி ஒன்றை வில்லியர்ஸின் துணையோடு மாற்றியமைத்தார். காற்றை அமுக்கி இயந்திரத்தினுள் செலுத்தும் சூப்பர்சார்ஜர் பொருத்தப்பட்டது. அளவுக்கு மிஞ்சிய வலுவினாற் பின்சில்லுகள் நின்ற இடத்திலேயே சுழன்றன. அதற்கு மாற்றாகப் பின்பக்கத்தில் இருமருங்கும் இரட்டைச் சில்லுகளைப் பூட்டினார். அந்த உத்தியைப் பின்னர் வந்தோர் பலர் கைக்கொண்டனர். 1929இல் அவர் 45.6 விநாடிகளில் ஏறினார். ஆங்கிலேயர் பெருமிதம் கொண்டனர். இனி இதைவிட வேகமாக எவரும் ஏறப்போவதில்லை என்று எண்ணியோரும் உளர்.

1930ஆம் ஆண்டு யூலை மாதத்தில் அப்பெருமிதம் கலைந்தது. அவ்வாண்டு ஷெல்ஸ்லி, ஐரோப்பிய மலையேற்ற விருதுப் போட்டிகளில் ஒன்றாயிற்று. கண்டத்திலிருந்து ஜேர்மனியரான ஹான்ஸ் ஸ்டுக் வந்தார். அல்ப்ஸ் மலைத்தொடரின் நெடும்பாதைகளில் வென்று ‘மலைகளின் மன்னன்’ எனப் பெயர்பெற்றவர் அவர். பல மைல் நீளமுள்ள மலைப்பாதைகளுக்குப் பழகியவருக்கு ஆயிரம் யார் பாதை ஒரு தோட்டத்து வழியாகத் தோன்றியிருக்கும். ஒஸ்ரோ-டைம்லர் வண்டியில் அவர் எடுத்த நேரம் 42.8 விநாடி. முந்தைய சாதனையில் ஏறத்தாழ மூன்று விநாடிகள் ஒரே முறையில் குறைந்தன. ஐந்தில் ஒரு விநாடிக்காக ஓராண்டு உழைத்தவர்களுக்கு அது எத்தகைய அடியாயிருந்திருக்கும் என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

தோல்வி சிலரைச் சோர்வடையச் செய்யும். சிலரைப் பள்ளிப் பிள்ளைகளாக்கும். ஷெல்ஸ்லியின் சாரதிகள் இரண்டாம் வகையினர். ஸ்டுக்கின் சாதனை மூன்று ஆண்டுகள் நின்றது. 1933இல் அமெரிக்காவிற் பிறந்து இங்கிலாந்திற் குடியேறிய விற்னி ஸ்ட்ரெயிட் என்னும் இளைஞர் இத்தாலிய மசராட்டி வண்டியில் அதனை முறியடித்தார். மறு ஆண்டில் அவர் எடுத்த நேரம் சரியாக 40 விநாடி. அதே காலத்தில் மேய்ஸ், ஹம்பிரி குக், பீட்டர் பேர்தன் ஆகிய இருவருடன் சேர்ந்து, சொந்த ஊரான போர்ணிலே ஈ.ஆர்.ஏ. என்னும் போட்டி வண்டி நிறுவனத்தை அமைத்தார். 1935இல் அவ்வண்டியில் அவர் 39.6 விநாடிகளில் ஏறி, நாற்பது என்னும் வேலியைத் தாண்டிய முதல்வரானார்.

இம்மலையில் மகளிரும் பின்னிற்கவில்லை. எல்சி விஸ்டம், கனடாவின் ரொறொன்ரோ நகரிற் பிறந்த கே பெட்டர் முதலியோர் 1930களிலே ஷெல்ஸ்லியின் மகளிர் சாதனைக்காகப் போட்டியிட்டனர். கே பெட்டரின் உயரம் 4 அடி 10 அங்குலமே. உடல்வலியே சாரதியை ஆக்குகிறது என்று வாதித்தோருக்கு மணிக்கூடு விடையளித்தது. அதற்கு ஆண், பெண் என்னும் வேறுபாடு தெரியாது.

1936ஆம் ஆண்டில் ஸ்டுக் மீண்டும் வந்தார். இம்முறை அவர் கொணர்ந்தது ஓட்டோ யூனியன். பேராசிரியர் போர்ஷே வகுத்த அமைப்பு. சாரதியின் முதுகுக்குப் பின்னே 16 உருளை இயந்திரம். ஐரோப்பாவின் பெருங்களங்களிலே வெற்றிமேல் வெற்றி பெற்ற வண்டி அது. அதனைக் காண மக்கள் வெள்ளம்போல் திரண்டனர். ஆனால், போட்டி நாளில் மழை கொட்டியது. ஈரப்பாதையில் அவ்வளவு வலுவும் சில்லுகளை வீணே சுழலச் செய்ததன்றி வண்டியை முன்னே செலுத்தவில்லை. ஸ்டுக்கின் நேரம் 48.8 விநாடி, ஆறு ஆண்டுகளுக்கு முன், சிறிய வண்டியில், அதே மனிதர் எடுத்த நேரத்தைவிட ஆறு விநாடிகள் அதிகம். அன்றைய வெற்றி, அம்மலையின் ஒவ்வொரு கல்லையும் அறிந்திருந்த மேய்ஸுக்கே கிட்டியது. 1930இல் ஆங்கிலேயர் கற்ற பாடத்தை 1936இல் ஜேர்மனியர் கற்றனர் எனலாம். ஸ்டுக்கும் மனந்தளரவில்லை. 1960ஆம் ஆண்டில், தமது அறுபதாவது வயதிலே, அவர் ஜேர்மனியின் மலையேற்ற விருதை வென்றார்.

1937இல் பேன் என்பவர் பிரேசர் நாஷ் வண்டியில் 38.77 விநாடி எடுத்துச் சாதனை படைத்தார். 1939ஆம் ஆண்டு யூன் மாதத்தில் மேய்ஸ் அதனை 37.37 ஆக்கினார். சில வாரங்களில் மீண்டும் உலகப் போர். மலையிலே புல் வளர்ந்தது. சாரதிகளுட் பலர் விமானிகளாயினர். விற்னி ஸ்ட்ரெயிட் விமானப்படையிலே உயர்பதவி வகித்துத் திரும்பினார். பேன் திரும்பவில்லை. 1942 சனவரியில் நோர்வே நாட்டின் கடற்கழியிலே மறைந்திருந்த ‘திர்பிற்ஸ்’ என்னும் ஜேர்மன் போர்க்கப்பலைத் தனியே பறந்து கண்டு படம்பிடித்தவர் அவர். அவ்வாண்டு யூலையிலே விமான விபத்தொன்றில் உயிர்நீத்தார். மலையில் தனியனாக ஏறப் பழகிய உறுதியே வானிலும் அவருக்குத் துணைநின்றது எனக் கருதுவது தவறாகாது.

1946இல் ஷெல்ஸ்லி மீண்டும் திறந்தது. பெற்றோலுக்குக் கட்டுப்பாடு, புதிய வண்டி எவரிடமும் இல்லை. பழைய வண்டிகளே தூசி தட்டி எடுக்கப்பட்டன. அவற்றுள் விசித்திரமானது ‘பிரைகைசர்வாகன்’. பிறிஸ்டல் நகரத்து டேவிட் பிரை, டிக் சீசர் ஆகிய நண்பர்கள் 1936இல் அதனை அமைத்தனர். பிரை என்னும் பெயரையும், சீசரைக் குறிக்கும் ‘கைசர்’ என்னும் ஜேர்மன் சொல்லையும் சேர்த்து வேடிக்கையாகப் பெயரிட்டனர். பழைய ஜி.என். சட்டகம், பின்புறத்தில் மோட்டார்ச் சைக்கிள் வகை இரட்டை உருளை இயந்திரம். டாவன்போர்டின் சிலந்திக்கு அது நெருங்கிய உறவு. டேவிட்டின் ஒன்றுவிட்ட சகோதரரான ஜோ பிரை 1949இல் அதனை ஓட்டி 37.35 விநாடிகளில் ஏறினார். பத்து ஆண்டுகள் நின்ற மேய்ஸின் சாதனை விநாடியின் நூற்றில் இரண்டு பங்கு வேறுபாட்டில் வீழ்ந்தது. கண் இமைக்கும் நேரத்தினும் குறைந்த இடைவெளி அது. எனினும் மணிக்கூடு அதனை அறிந்தது.

அந்த மகிழ்ச்சி நீடிக்கவில்லை. மறு ஆண்டு யூலை மாதத்திலே, டோர்செற் மாவட்டத்துப் பிளான்ட்போர்ட் என்னும் இடத்தில், போட்டிக்கு முன்னான பயிற்சியோட்டத்தின்போது ஜோ பிரை அதே வண்டியில் விபத்துக்குள்ளாகி இறந்தார். அவருக்குப்பின் நான்கு ஆண்டுகள் தொடர்ந்து பிரித்தானிய மலையேற்ற விருதை வென்ற கென் வார்டன் 1957 சனவரியில் நியூசிலாந்துப் போட்டியொன்றிலே மாண்டார். இவர்களை நினைக்கும்போது, வேகத்தை வெறும் வேடிக்கையாகக் கருத இயலாது. கொப் மலையில் ஒரு பார்வையாளரின் கால் முறிந்தபோது விளையாட்டு தன்னைத் திருத்திக்கொண்டது. சாரதியைக் காக்கும் தலைக்கவசமும் வார்ப்பட்டையும் பிற ஏற்பாடுகளும் நிலைபெறுவதற்கு மேலும் பல உயிர்கள் விலையாக வேண்டியிருந்தது. சாதனைப் பட்டியலில் விநாடிகள் மட்டுமே இருக்கும். அவ்விநாடிகளுக்குக் கொடுத்த விலை அங்கே எழுதப்படுவதில்லை.

ஆயினும், பழையன முற்றாக மறையவில்லை. 1934இல் அமைக்கப்பட்ட பழம் விளையாட்டு வண்டிக் கழகம், பெருநிறுவனங்கள் கைவிட்ட வண்டிகளைத் தேடிக் காத்தது. டாவன்போர்ட் போருக்குப் பின்னும், முதுமையிலும், தம் கையாற் கட்டிய வண்டியோடு மலைக்கு வந்தார். ஷெல்ஸ்லியின் நூற்றாண்டை ஒட்டி, 2005ஆம் ஆண்டிலே குத்தகைக் காலம் முடிவுற்றபோது, அன்பர்கள் பொருள் திரட்டி மேலும் 99 ஆண்டுகளுக்குப் பாதையைப் பெற்றனர். முதற் போட்டி நடந்த அதே பாதையில் இன்றும் போட்டி நடைபெறும் களங்களுள் அதுவே உலகில் மிகப் பழையது என்று போற்றப்படுகிறது.

21ஆம் நூற்றாண்டின் வண்டிகள் அப்பாதையை 23 விநாடிக்கும் குறைந்த நேரத்தில் ஏறியுள்ளன. இன்ஸ்டனின் நேரத்தில் மூன்றிலொரு பங்குகூட அது இல்லை. அதனால் இன்ஸ்டன் சிறியவராகிவிடவில்லை. 77.6, 55.2, 46.2, 42.8, 37.35 என்னும் எண்கள் ஒரே ஏணியின் படிகள். ஒவ்வொரு படியிலும் ஒருவர் நின்று, தம் காலத்தின் அறிவும் துணிவும் எட்டக்கூடிய உயரத்தைக் காட்டிச் சென்றிருக்கிறார். அடுத்தவர் ஏறியது அவருடைய தோள்மீதே. மலை எவருக்காகவும் தாழ்ந்து கொடுக்கவில்லை. மணிக்கூடு எவருக்காகவும் காத்து நிற்கவில்லை. அவ்விரண்டின் முன்னும் செல்வரும் எளியரும், அயலாரும் உள்ளூராரும் சமமாக நின்றனர் என்பதே அந்த ஆயிரம் யார் பாதை விட்டுச்சென்ற நினைவு.